பணி முடிந்து வீடு திரும்புதல் – ஒரு சிந்தனை

விக்கினங்கள் தீர்க்கும் எங்கள் விநாயகப் பெருமானின் திருவடிகளைச் சிந்தித்து இச்சிறு கட்டுரையைத் தொடங்குகின்றேன்.

எமது ஆலய ஆண்டு மலர் இப்போது ஊரில் உள்ளவர்களால் மட்டும் வாசிக்கப்படுவதில்லை. மகோற்சவ காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வரும் எம்மவர்கள் திருநீற்றுப் பொட்டலத்தோடு இம்மலரையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகின்றார்கள். எமது ஊரில் பிறந்த குருமார் சிலர் தூர தேசத்து ஆலயங்களில் பூசை செய்கின்றார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் போய் நிற்கும் காலத்தில் அங்குள்ள சிறுவர்களுக்குச் சமயம் போதிக்கின்றார்கள். ஆகவே, சமயப் பணியின் பொருட்டு வெளிநாட்டில் இருந்த ஒருவர் அப்பணி முடிந்ததும் எவ்வாறு வீடு திரும்ப வேண்டும் என்ற வினா எங்களுக்குப் புறம்பான வினா அன்று.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு வினாவே அல்ல. வேலை முடிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதானே என்று சொல்லிவிடலாம். ஆயினும் சற்று நின்று யோசித்தால் சில சிக்கல்கள் தெரியும். பணி முடிந்துவிட்டது என்று தீர்மானிப்பவர் யார்? அங்குள்ள அடியார்கள் ‘இன்னும் இருங்கள்’ என்று கண்கலங்கும்போது புறப்படுவது தருமமா? வீட்டை நினைத்து ஏங்குவது பற்று அல்லவா? பற்றறுக்கச் சொல்லும் சமயத்தின் பணியாளர் பற்றுக் காரணமாகத் திரும்பலாமா? இவற்றுக்கு எனது சிற்றறிவுக்கு எட்டியவரையில் விடை காண முயல்கின்றேன்.

நான் பெரிய கல்விமான் அல்லன். அரசாங்கத்தில் இலிகிதராகச் சேர்ந்து, 36 வருடங்கள் கோவைகளோடும் பதிவேடுகளோடும் வாழ்ந்து ஓய்வு பெற்றவன். அந்தச் சேவையில் ஏழு முறை இடமாற்றம் பெற்றேன். இடமாற்றக் கடிதம் வந்தவுடன் ஒருவர் போய்விட முடியாது. காசேட்டைச் சமப்படுத்த வேண்டும். இருப்புப் பதிவேட்டில் உள்ள கதிரை மேசைகளை எண்ணிக் காட்ட வேண்டும். நடவடிக்கை முடியாத கோவைகளைப் பட்டியலிட வேண்டும். பெட்டகத் திறப்பைப் புதியவர் கையில் கொடுத்து இருவரும் ஒப்பமிட வேண்டும். அதன் பின்னரே விடுவிப்புக் கடிதம் கிடைக்கும்.

நான் இளைஞனாக ஒரு கந்தோரில் பொறுப்பேற்றபோது எனக்கு முன்பு அங்கிருந்தவர் அவசரமாக மாற்றலாகிப் போயிருந்தார். நல்ல மனிதர்; வேலையிலும் கெட்டிக்காரர். ஆனால் ஒரு லாச்சியின் திறப்பு அவரோடு போய்விட்டது. கணவனை இழந்த ஒரு தாயாரின் ஓய்வூதியக் கோவை அந்த லாச்சிக்குள் இருந்தது. அந்த அம்மா நான்கு முறை பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினார். ஐந்தாம் முறை வந்தபோதுதான் கோவை வெளியே வந்திருந்தது. போனவர் செய்த வேலையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. போன விதத்தில்தான் பிழை இருந்தது. அந்தப் பிழையின் பாரத்தைச் சுமந்தவர் அவரும் அல்லர், நானும் அல்லேன், அந்தத் தாயார். இந்த எளிய அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே சொன்ன வினாவை அணுகுகின்றேன்.

சமயப் பணியை வெளிநாட்டில் முடித்துத் தாயகம் திரும்பியவர்களில் எமது மண்ணோடு நேரடித் தொடர்பு உடையவர் சுவாமி விவேகானந்தர். 1893 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி பம்பாயிலிருந்து கப்பலேறிய சுவாமிகள், அவ்வாண்டு செப்டெம்பர் 11 ஆம் திகதி சிக்காகோ சர்வசமய மகாசபையில் பேசியதை நாம் எல்லோரும் பாடசாலைக் காலத்திலேயே படித்திருக்கின்றோம். அவர் எப்படிப் போனார், என்ன பேசினார் என்பவற்றை மேடைதோறும் கேட்கின்றோம். அவர் எப்படித் திரும்பினார் என்பதை எவரும் அதிகம் பேசுவதில்லை. அதிலேதான் எமக்கு உரிய பாடம் இருக்கின்றது என்பது எனது எண்ணம்.

1896 ஆம் ஆண்டில் சுவாமிகளின் புகழ் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஓங்கியிருந்தது. தொடர்ந்து பேசிப் பேசி உடல் தளர்ந்திருந்தது. தாயகம் அழைத்தது. ஆனால் அவர் உடனே புறப்படவில்லை. முதலில் தமது சகோதரத் துறவியான சாரதானந்தரை இந்தியாவிலிருந்து இலண்டனுக்கு அழைத்து, சில காலம் உடன் வைத்திருந்து, பின்னர் நியூயோர்க்கில் நடந்து வந்த வேதாந்தப் பணிக்கு அனுப்பினார். அடுத்து இன்னொரு சகோதரத் துறவியான அபேதானந்தரை இலண்டனுக்கு வரவழைத்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 27 ஆம் திகதி அபேதானந்தர் இலண்டனில் தமது முதலாவது சொற்பொழிவை நிகழ்த்தினார். அது சிறப்பாக அமைந்ததைக் கண்டு, இனித் தாம் இல்லாவிட்டாலும் செய்தி தொடரும் என்று சுவாமிகள் மனநிறைவு அடைந்தார் என உடனிருந்தவர்கள் எழுதி வைத்துள்ளார்கள்.

வாசகர்களே, இந்த இடத்தைச் சற்று ஊன்றிப் பாருங்கள். சபை நிறைந்த கூட்டம் தமக்காகக் கூடும் ஊரில், தமது இடத்தில் இன்னொருவரை நிறுத்தி, அவர் பேச்சு நன்றாக இருப்பதைக் கண்டு மகிழ்வது எல்லோருக்கும் இயலக்கூடியது அன்று. ‘எனக்குப் பிறகு யார் இப்படிச் செய்யப் போகின்றார்கள்’ என்று கேட்பதிலே எமக்கு ஓர் இரகசிய இன்பம் உண்டு. பணி நின்றுவிடுமே என்ற கவலை போல அது வெளியே தெரியும். உள்ளே நான் என்ற முனைப்பு இருக்கும். சுவாமிகள் அந்த முனைப்பை வைத்துக்கொண்டு புறப்படவில்லை.

டிசெம்பர் 13 ஆம் திகதி இலண்டன் அன்பர்கள் பிரியாவிடை அளித்தார்கள். 16 ஆம் திகதி சேவியர் தம்பதியருடன் புறப்பட்டு, இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் டிசெம்பர் 30 ஆம் திகதி கப்பலேறினார். செல்வமும் வசதியும் மிக்க மேல்நாட்டில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இருந்த பின்னர் வறுமைப்பட்ட உங்கள் நாடு எப்படித் தோன்றும் என்று ஓர் ஆங்கில அன்பர் கேட்டபோது, முன்பு வைத்திருந்த அன்பு இப்போது பக்தியாக வளர்ந்திருக்கின்றது என்ற பொருள்பட அவர் விடையளித்தார் என்பர்.

1897 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் திகதி கப்பல் கொழும்பை அடைந்தது. தாயகத்தில் இறங்குவதற்கு முன்பே சுவாமிகளின் பாதம் பட்ட மண் எமது இலங்கை மண். சட்டசபை அங்கத்தவராக இருந்த பொன்னம்பலம் குமாரசுவாமி முதலிய பெரியோர்கள் அவரை வரவேற்றார்கள். மறுநாள் புளோறல் மண்டபத்தில் பேசினார். கண்டி வழியாக மாத்தளை சென்று, அங்கிருந்து குதிரை வண்டியில் வடக்கு நோக்கி வந்தார். தம்புள்ளைக்கு அருகில் வண்டிச் சில்லு உடைந்து, காட்டு வழியில் மணிக்கணக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அநுராதபுரம், வவுனியா கடந்து ஜனவரி 24 ஆம் திகதி யாழ்ப்பாணம் சேர்ந்தார். தீவட்டி ஒளியில் ஊர்வலமாக இந்துக் கல்லூரிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, மறுநாள் வேதாந்தம் பற்றி நெடுநேரம் உரையாற்றினார். பின்னர் கப்பலேறி 26 ஆம் திகதி பாம்பனில் இறங்கியபோது இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வணங்கினார்.

இத்தனை மாலைகளுக்கும் பிறகு சுவாமிகள் ஓய்ந்திருக்கவில்லை. அவ்வாண்டு மே முதலாம் திகதியே இராமகிருஷ்ண மிஷனைத் தாபித்தார். அதே 1897 இல் தமது சகோதரத் துறவி சிவானந்தரை இலங்கைக்கு அனுப்பி வைத்தார். மாலை போட்டு வரவேற்ற எம்மை அவர் மறந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. வீடு திரும்புதல் என்பது அவருக்கு இளைப்பாறப் போவதாக இருக்கவில்லை. மிச்சமிருக்கும் பணிக்குப் போவதாக இருந்தது.

பற்று அல்லவா என்ற வினாவுக்கு இங்கே விடை கிடைக்கின்றது. ஊரிலே எனக்கு என்ன கிடைக்கும் என்று எண்ணித் திரும்பினால் அது பற்று. ஊருக்கு நான் என்ன கொடுக்கக் கடமைப்பட்டிருக்கின்றேன் என்று எண்ணித் திரும்பினால் அது கடன். இரண்டு மனிதரும் ஒரே கப்பலில் வரலாம்.

சுவாமிகள் கடந்து வந்த அநுராதபுரத்தில், அவருக்கு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு சமயப் பணியாளர் வீடு திரும்புவதற்குத் தீர்மானித்தார். அவர் சீனத்துப் பௌத்த துறவி பாஹியன். வேற்றுச் சமயத்தவர் ஆயினும் அவரது சரிதம் எமது வினாவுக்கு மிகவும் பொருந்துவதால் கூறுகின்றேன். துறவிகளுக்கு உரிய ஒழுக்க நூல்கள் தமது நாட்டில் முழுமையாக இல்லையே என்று கவலை கொண்டு, கி.பி. 399 இல் அவர் சீனத்திலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். அப்போதே அவருக்கு வயது அறுபதை அண்மித்திருந்தது என்பர். பாலைவனமும் பனிமலையும் கடந்து இந்தியா வந்து, பாடலிபுத்திரத்தில் மூன்றாண்டுகள் தங்கி மொழியைக் கற்று நூல்களைப் பிரதி செய்தார்.

அவரோடு கடைசிவரை வந்த தோழர் ஒருவர் இருந்தார். அவர் பாடலிபுத்திரத்துத் துறவிகளின் ஒழுக்கத்தைக் கண்டு, இதைவிட்டு ஏன் போக வேண்டும் என்று அங்கேயே தங்கிவிட்டார். பாஹியனோ, நூல்களைத் தமது நாட்டுக்குக் கொண்டு செல்வதற்கு அல்லவா வந்தோம் என்று எண்ணித் தனியே புறப்பட்டார். கடல் வழியாக இலங்கைக்கு வந்து இரண்டாண்டுகள் தங்கினார். ஒருநாள் அநுராதபுரத்து அபயகிரி விகாரையில், பச்சைக் கல்லால் அமைந்த புத்தர் திருவுருவத்தின் முன்னே ஒரு வணிகர் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறியைக் கண்டார். அது சீனத்து விசிறி. தன்னை அறியாமலே அவர் கண்களிலிருந்து நீர் பெருகியது. கூட வந்தவர்களிற் சிலர் பிரிந்தார்கள், சிலர் இறந்தார்கள். தாம் மட்டும் தனித்து நிற்பதை எண்ணினார். இதனைத் தமது பயணக் குறிப்பில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கின்றார்.

துறவி அழலாமா? அழலாம் என்றே நான் கருதுகின்றேன். கண்ணீர் ஒரு குற்றமன்று. அந்தக் கண்ணீருக்குப் பின்பும் அவர் இங்கே கிடைத்த ஒழுக்க நூலைத் தேடிப் பெற்றுக்கொண்டே கப்பலேறினார் என்பதே கவனிக்கத் தக்கது. நடுக்கடலில் புயல் அடித்துக் கப்பலில் ஓட்டை விழுந்தபோது, வணிகர்கள் பொருட்களைக் கடலில் எறிந்தார்கள். பாஹியனும் தமது செம்பையும் கிண்ணத்தையும் எறிந்தார். நூல்களை மட்டும் எறிந்துவிடுவார்களோ என்று அஞ்சிப் பிரார்த்தித்தார். பல இன்னல்களின் பின்பு 412 இல் சீனக் கரையை அடைந்தார். தாம் புறப்பட்ட நகருக்குப் போகவே அவர் விரும்பினார். ஆயினும் நூல்களை மொழிபெயர்ப்பதற்குத் துணை கிடைக்கும் இடம் தெற்கே இருந்த தலைநகர் என்பதால் அங்கே சென்று அப்பணியில் அமர்ந்தார். தமது பழைய இருப்பிடத்தை நோக்கிப் போகாமல், கொண்டு வந்த சுமையை இறக்கி வைக்க வேண்டிய இடத்தை நோக்கிப் போனார்.

தங்கிவிட்ட தோழரைக் குறை சொல்லலாமா? அப்படி நான் சொல்லமாட்டேன். சுவாமி விவேகானந்தரோடு வந்த சேவியர் என்னும் ஆங்கிலேயப் பெருமகனும் தமது நாட்டுக்குத் திரும்பவில்லை. இமயமலைச் சாரலில் மாயாவதி என்னும் இடத்தில் 1899 இல் அத்வைத ஆசிரமத்தை அமைத்து, 1900 ஒக்டோபரில் அங்கேயே காலமானார். அவரது உடல் இந்து முறைப்படி தகனம் செய்யப்பட்டது. அவருடைய கடன் அங்கே இருந்தது. ஆகவே அதுவே அவருக்கு வீடு. எல்லோரும் திரும்பத்தான் வேண்டும் என்று விதி செய்ய முடியாது. தங்குபவரும் திரும்புபவரும் தத்தம் கடன் எங்கே இருக்கின்றது என்று நேர்மையாகக் கேட்டுப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

எமது சைவ மரபிலும் இதற்கு ஒரு கடுமையான எச்சரிக்கை உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சபதம் செய்தார். வசந்த காலத்தில் திருவாரூர்த் திருவிழா நினைவு வந்ததும், அதை மீறி எல்லையைத் தாண்டினார். தாண்டியவுடன் கண்ணொளி மறைந்தது என்று பெரியபுராணம் கூறும். அவர் போக விரும்பியது இறைவன் திருவிழாவுக்கு. நோக்கம் புனிதமானதே. ஆயினும் விட்டுச் செல்லும் இடத்தில் கொடுத்த வாக்கைத் தீர்க்காமல் போவதை, தம்பிரான் தோழர் என்பதற்காகவும் பெருமான் கணக்கில் தள்ளுபடி செய்யவில்லை.

இனி என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தாலும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

2023 ஆம் ஆண்டு மே மாதம் மகளின் குடும்பத்தோடு தங்குவதற்காகக் கனடாவுக்குப் போனேன். அங்கே அயலில் இருந்த ஒரு கோயிலில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித் தரும்படி கேட்டார்கள். பதினான்கு பிள்ளைகள். தமிழைப் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. ஆறு மாதத்தில் அவர்கள் மூன்று பதிகங்களைப் பண்ணோடு பாடினார்கள். பெற்றார் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். முப்பத்தாறு வருடம் கந்தோரில் எழுதிக் குவித்தும் எவரும் எனக்காக எழுந்து நின்றதில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு இனித்தது.

இங்கே ஊரிலோ கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமையில் பிள்ளையார் பெருங்கதை விரதம் தொடங்கும். இருபத்தொரு நாளும் கதை படிப்பவன் நான். அதற்கு முன் வந்துவிடுவேன் என்று குருக்கள் ஐயாவுக்குச் சொல்லியிருந்தேன். அங்கே ‘இன்னும் ஒரு வருடம் இருங்கள், ஐயா’ என்று கேட்டார்கள். இருப்பேன் என்றும் சொல்லாமல், போவேன் என்றும் சொல்லாமல் நாட்களைக் கடத்தினேன். கடைசியில் பயணச்சீட்டுத் திகதி வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடைபெற்றேன். சால்வை போர்த்தினார்கள். ஊருக்கு வந்ததும் இங்கேயும் ஒரு சால்வை போர்த்தினார்கள். நான் அங்கே ஆற்றிய தொண்டைப் பற்றி மண்டபத்தில் அரைமணி நேரம் பேசினேன்.

விரதத்தின் ஐந்தாம் நாள் இரவு மகள் தொலைபேசியில் பேசும்போது அந்த வகுப்புப் பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்றது. “தாத்தா, நாலாவது பதிகம் யார் சொல்லித் தருவினம்?” என்று கேட்டது. என்னிடம் விடை இல்லை. வகுப்பு இரண்டு கிழமையோடு நின்றுவிட்டது. எந்தப் பிள்ளை எதுவரை படித்தது என்ற விபரம் என் குறிப்புக் கொப்பியில் இருந்தது. அந்தக் கொப்பி என் பெட்டிக்குள் வந்து ஊரில் கிடந்தது. ஒரு கதிரைக்கும் மேசைக்கும் கூடக் கணக்குக் காட்டி ஒப்பமிட்டுக் கையளித்தவன், பதினான்கு பிள்ளைகளை ஒருவரிடமும் கையளிக்காமல் வந்துவிட்டேன். லாச்சித் திறப்பைக் கொண்டுபோன அந்த மனிதரை எத்தனை வருடம் மனத்துக்குள் குறை கூறியிருப்பேன்!

நான் திரும்பியது தவறன்று. என் கடன் இங்கே இருந்தது. ஆனால் எனக்குப் பின் ஒருவரை அங்கே ஆயத்தம் செய்யாமல் விட்டதற்குக் காரணம் நேரமின்மை அன்று. நான் இல்லாவிட்டால் நடக்காது என்று அவர்கள் சொல்வதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அதுவே காரணம்.

பின்னர் அக்கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அந்த வகுப்பிலேயே மூத்த பெண்பிள்ளை ஒருத்தி பொறுப்பெடுக்க முன்வந்தாள். சனிக்கிழமை இரவுகளில் அவளுக்கு நான் தொலைபேசியில் பாடிக் காட்டினேன். ஞாயிறன்று அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பதினான்கு பேரில் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். எட்டுப் பேர் வரவில்லை. அந்த எட்டும் என் கணக்கில் நிற்கின்றது.

சுவாமி விவேகானந்தர் இன்னொரு முறையும் மேல்நாடு சென்று திரும்பினார். அது 1900 ஆம் ஆண்டு. எகிப்திலிருந்து பயணத்தை இடைநிறுத்தி, எவருக்கும் அறிவிக்காமல் வந்தார். டிசெம்பர் 9 ஆம் திகதி இரவு பேலூர் மடத்தை அடைந்தபோது வாயிற்கதவு பூட்டியிருந்தது. உள்ளே உணவு மணி ஒலித்தது. சுவாமிகள் கதவின்மேல் ஏறிக் குதித்து, சகோதரத் துறவிகளோடு அமர்ந்து கிச்சடி உண்டார். பந்தல் இல்லை, தீவட்டி இல்லை, வரவேற்புப் பத்திரம் இல்லை. 1897 இல் நாடே எதிர்கொண்டு அழைத்தவர்தான் இவர். இரண்டு வரவும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. ஒரே சால்வையில் மயங்கிய எனக்கு அந்தக் கிச்சடியின் அருமை இப்போதுதான் சற்று விளங்குகின்றது.

எனவே, வெளிநாட்டில் சமயப் பணி செய்யும் எம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. பணியைத் தொடங்கும் நாளிலேயே, எவரிடம் இதை ஒப்படைப்பேன் என்று தேடத் தொடங்குங்கள். நீங்கள் இருக்கும்போதே அவரைச் செய்யவிட்டு, நீங்கள் பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். திரும்பும் திகதியை மறைக்காமல் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் எமக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வருபவருக்குச் சால்வையோடு நிறுத்திவிடாமல், அவர் கற்று வந்ததைச் செய்வதற்கு ஓர் இடமும் கொடுப்போம்.

சைவர்களாகிய எமக்கு இதைவிடப் பெரிய ஒரு திரும்புதலும் உண்டு. இந்தப் பிறவியே ஒரு வெளியூர்ப் பயணம். இறைவன் திருவடியே வீடு. ‘வீடு’ என்ற சொல்லுக்கு எம் முன்னோர் முத்தி என்றும் பொருள் வைத்தார்கள். அந்தப் பயணச்சீட்டின் திகதி மட்டும் எவருக்கும் காட்டப்படுவதில்லை. ஆகவே இவ்வருடம் பெருங்கதை படிப்பதற்கு எமது ஊர் இளைஞர் இருவரை என் பக்கத்தில் இருத்திப் பழக்கி வருகின்றேன். ஆலயக் கணக்குப் புத்தகத்தையும் அவர்களில் ஒருவர் எழுதுகின்றார்; நான் பார்த்து ஒப்பமிடுகின்றேன். முதல் நாள் அவர் கதை படித்தபோது இரண்டு இடத்தில் தடக்கினார். மூன்றாம் நாள் தடக்கவில்லை. நான் பின்வரிசையில் தூணோடு சாய்ந்திருந்து கேட்டேன்.

எல்லாம் வல்ல விநாயகப் பெருமான், தூர தேசங்களில் தொண்டு செய்யும் எம்மவர்களையும் ஊரில் இருக்கும் எம்மையும் காத்தருளி, அவரவர் கடனை ஒழுங்காகக் கையளித்து வீடு சேர அருள்புரிய வேண்டும் என்று இறைஞ்சி அமைகின்றேன்.